மறுநாள் காலை: சினத்தைச் சொல்லும் இரு திரைப்படங்கள்

சினத்தை அடக்குதலுக்கு அரபு மொழியில் ‘கள்மு’ என்றொரு சொல் உண்டு. நிரம்பிய தண்ணீர்த் தோற்பையின் வாயை இறுகக் கட்டுவது என்பது அதன் மூலப்பொருள். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 134ஆம் வசனம் நல்லோரின் இயல்புகளுள் ஒன்றாக இதனைச் சுட்டுகிறது. வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போது, பை நிரம்பியிருந்தால்தான் கட்டுக்கு வேலை உண்டு என்பதை மாணவர்களுக்கு நான் வலியுறுத்துவது வழக்கம். சினமே தோன்றாதவனுக்கு அடக்க வேண்டியது எதுவுமில்லை.

அவ்வாறு விளக்கிய அதே வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். என் இருசக்கர வாகனத்தை எடுக்க முடியாதபடி ஒருவர் தம் காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். கால் மணி நேரம் கழித்து அவர் சிரித்துக்கொண்டே வந்தார். நான் சொன்ன சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை. தொழுகையில் நெற்றி தரையில் பட்ட ஈரம்கூடக் காய்ந்திருக்காது. சோழபுரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் என் கண்முன் நின்றது அவர் முகமன்று. அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மாணவன் ஒருவனின் முகமே. கார் நிறுத்துமிடம் மனிதனை என்ன செய்யும் என்பதைச் சொல்லும் இரு திரைப்படங்களைக் குறித்து எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

முதலாவது, ராம்குமார் பாலகிருஷ்ணன் எழுதி இயக்கி 2023 டிசம்பர் 1 அன்று வெளிவந்த ‘பார்க்கிங்’. 2025இல் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற தகுதியும், திரைக்கதைக்கான விருதும், எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருதும் இப்படத்திற்குக் கிடைத்தன. இரண்டாவது, அர்ஜென்டினா நாட்டின் டாமியன் ஸிஃப்ரோன் 2014இல் எடுத்த ஸ்பானிய மொழிப் படம். ‘வைல்டு டேல்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரால் உலகறிந்த அப்படம், பாத்திரங்களால் ஒன்றோடொன்று தொடர்பற்ற ஆறு கதைகளின் தொகுப்பு. பழிவாங்கலும் தன்வயமிழத்தலுமே அவற்றை இணைக்கும் நூல். கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்று, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அதன் சில காட்சிகளும் வசவுகளும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கவையல்ல என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

ஸிஃப்ரோனின் படத்தில் பெயர்கள் ஓடும்போது திரையில் காட்டு விலங்குகளின் படங்கள் வருகின்றன. சினம் கொண்ட மனிதன் விலங்காகிறான் என்னும் எளிய கருத்தாக இதைக் கொண்டு கடந்துவிடலாம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் இந்த உவமையை நுட்பமாகக் கையாள்கிறார்கள். அங்கே அறிவு வேட்டைக்குச் செல்லும் வீரன். இச்சை அவனுடைய குதிரை. சினம் அவனுடைய நாய். நாயைக் கொன்றுவிட்டு எவனும் வேட்டைக்குப் போவதில்லை. பழக்கித்தான் அழைத்துச் செல்கிறான். சினம் முற்றிலும் இல்லாமையையும் கஸ்ஸாலி ஒரு குறையாகவே எண்ணுகிறார்கள். மிகையும் குறையுமில்லாத நடுநிலையே அவர்கள் வேண்டுவது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு பார்த்தால் ஆறு கதைகளும் ஒரே தரத்தின அல்ல என்பது விளங்கும். சாலையோர உணவகக் கதையில், தன் தந்தையின் சாவுக்குக் காரணமானவன் வாடிக்கையாளனாக வந்து அமர்வதைப் பணிப்பெண் காண்கிறாள். அவளுடைய சினத்தில் நியாயம் உண்டு. சமையற்காரி எலி மருந்தை எடுத்துக் காட்டுகிறாள். மருந்தின் காலக்கெடு முடிந்திருக்கிறது. கெடு முடிந்த நஞ்சுக்கு வீரியம் கூடுமா, குறையுமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். நாம் சிரித்துவிடுகிறோம். சிரித்த அந்தக் கணத்திலேயே கொலைக்குச் செவிசாய்த்தவர்களாகவும் ஆகிவிடுகிறோம். தீமைக்கு அதற்கு ஒத்த அளவே பதில் என்றும், மன்னித்துச் சமாதானம் செய்தவருக்குக் கூலி இறைவனிடம் என்றும் ‘ஷூரா’ அத்தியாயம் (42:40) வகுக்கும் எல்லையை நகைப்பு எவ்வளவு எளிதில் தாண்டச் செய்கிறது என்பதற்கு இக்காட்சி நல்ல சான்று.

இரு ஓட்டுநர்களின் கதையில் நியாயம் என்பதே இல்லை. விலையுயர்ந்த காரில் விரைபவன், வழிவிடாத பழைய காரின் ஓட்டுநரை ஏசிவிட்டுப் போகிறான். சற்றுத் தொலைவில் அவன் காரின் டயர் பழுதாகிறது. ஏச்சுப் பட்டவன் வந்து சேர்கிறான். பின்னர் ஒருவரை ஒருவர் விடாமல், தப்பிக்க வழியிருந்தும் திரும்பி வந்து மோதி, இருவரும் எரிந்து சாகிறார்கள். கட்டிப்பிடித்தபடி கிடக்கும் கரிந்த உடல்களைக் கண்டு காவலர்கள் காதல் விவகாரம் என ஐயுறுகிறார்கள். பகையும் ஒருவகைப் பிணைப்பே என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்ல இயலாது.

நான்காம் கதையின் நாயகன், கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கும் பொறியாளர். ரிக்கார்டோ தாரின் நடித்திருக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கச் சென்றபோது அவரது கார் இழுத்துச் செல்லப்படுகிறது. தடை என்று காட்டும் குறியே அங்கு இல்லை என்கிறார், கேட்பார் இல்லை. விழா தவறுகிறது, வேலை போகிறது, மனைவி பிரிகிறாள். இறுதியில் அவர் வெடிமருந்து ஏற்றிய காரை இழுத்துச் செல்லவிட்டு, அது நிறுத்தப்பட்ட இடத்தைத் தகர்க்கிறார். மக்கள் அவரை வீரனாகக் கொண்டாடுகிறார்கள். இங்கே இயக்குநர் நமக்கு ஒரு சலுகை தருகிறார்: அவ்வெடிப்பில் ஒருவரும் சாகவில்லை. ஒரு காவலாளி இறந்திருந்தால் இந்தக் கைதட்டல் என்னவாகியிருக்கும்? படத்தின் மிக இனிய கதை இதுவே. என் பார்வையில் நேர்மை குறைந்த கதையும் இதுவே.

அந்தச் சலுகை நிலையானதன்று என்பதை உலகம் விரைவிலேயே காட்டிற்று. முதற்கதையில் ஒருவன் தனக்குத் தீங்கிழைத்தோர் அனைவரையும் ஒரே விமானத்தில் ஏற்றி, விமானியறையைப் பூட்டிக்கொண்டு வீழ்த்துகிறான். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதவிட்டதில் 150 பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களில் பிரிட்டனில் இப்படத்தைத் திரையிட்டபோது அரங்குகள் எச்சரிக்கைக் குறிப்பு வைக்க நேர்ந்தது. படத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. சிரிப்பு மட்டும் மாறிவிட்டது.

ஏன் மாறியது? சிறுகதைத் தொகுப்பு என்ற வடிவத்திலேயே விடை இருப்பதாகக் கருதுகிறேன். ஒவ்வொரு கதையும் சினத்தின் உச்சியில் முடிகிறது. உடனே அடுத்தது தொடங்குகிறது. மறுநாள் காலை என்பது அக்கதைகளில் அநேகமாக இல்லை. அது வராதவரை பழிவாங்கல் நகைச்சுவையாகவே நிற்கும்.

‘பார்க்கிங்’ படத்திற்கு அந்த வசதி இல்லை. ஒரே வீட்டில் மேலும் கீழும் இரு வாடகைக் குடும்பங்கள். ஒரே ஒரு நிறுத்துமிடம். கருவுற்ற மனைவிக்காகக் கார் வாங்கும் மென்பொருள் துறை இளைஞர் மேல்தளத்தில். நேர்மையும் சிக்கனமும் உடைய, நெடுநாளாகக் குடியிருக்கும் அரசு அலுவலர் கீழ்தளத்தில். இளைஞரை வெல்வதற்காகவே முதியவரும் ஒரு கார் வாங்குகிறார். முதலில் சிரிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் இருவரும் அதே வாயிலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். சிரிப்பு சிறுகச் சிறுக வற்றுகிறது. ஹரிஷ் கல்யாணின் இறுகிய தாடையும், பாஸ்கரின் முகத்தில் கண்ணியம் வீம்பாகக் கெட்டிப்படும் விதமும் அதற்குத் துணைநிற்கின்றன. பிற்பகுதியில் சூழ்ச்சிகள் படிப்படியாக அடுக்கப்பட்டவை போலத் தோன்றுவது குறைதான். எனினும், இரு ஆடவரின் வீம்புக்கு இரு வீட்டுப் பெண்களும் விலை கொடுக்கிறார்கள் என்பதை இப்படம் மறைக்கவில்லை.

ஸிஃப்ரோனும் இதை அறியாதவர் அல்லர். கடைசிக் கதையில் திருமண விருந்தின் நடுவே கணவனின் துரோகத்தை அறிந்த மணப்பெண், எரிக்கா ரிவாஸ், மண்டபத்தையே போர்க்களமாக்குகிறாள். எல்லாம் உடைந்தபின் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுகிறார்கள். மறுநாளும் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டியவர்களின் கதையைத் தொகுப்பின் இறுதியில் வைத்ததில்தான் இப்படத்தின் அறிவு வெளிப்படுகிறது.

எனக்கும் மறுநாள் வந்தது. சரியாகச் சொன்னால் மறு வெள்ளிக்கிழமை. ஸஃப்பு நேராக்கப்பட்டபோது என் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர் அந்தக் காருக்குரியவர். ஸலாம் கொடுத்து முடித்ததும் முதலில் கை நீட்டியவரும் அவரே. அடுத்த பாடவேளையில் ‘கள்மு’ என்ற சொல்லை மீண்டும் எடுத்தேன். இம்முறை, தோற்பையின் வாயைக் கட்டத் தவறிய ஆசிரியர் ஒருவரை உதாரணமாகச் சொன்னேன். அந்த மாணவன் தலைகுனிந்து சிரித்தான்.