ஒற்று மிகாத இடம்

காவிரி கரை புரண்டது. காவிரிக் கரையில் தென்னை நிற்கிறது.

இரண்டிலும் காவிரியும் கரையும் அடுத்தடுத்தே வருகின்றன. முதல் வாக்கியத்தில் காவிரி எழுவாய், ஒற்று மிகாது. இரண்டாவதில் காவிரியினது கரை. அங்கே ‘க்’ மிகும். ஆடிப்பெருக்கு பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு இது யோசிக்காமலே வரும். சொற்களை வரிசையாக மட்டும் பார்க்கும் கணினிக்கோ இரண்டும் ஒன்றுதான். ‘கரை’க்குப் பின்னால் வருவது ‘புரண்டது’வா, ‘இல்’ உருபா என்று பார்க்கச் சொல்லி விதி எழுத வேண்டும். எழுதிய விதி சரியா என்று கண்டறியத்தான் இப்படிப்பட்ட இரட்டை வாக்கியங்கள். இலக்கணப் பிழைதிருத்தியின் நயமெல்லாம் இவற்றில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் டேனியல் நாபர் தம் பட்ட ஆய்வாக உருவாக்கி, 2003 முதல் வளர்ந்துவரும் திறமூல இலக்கணப் பிழைதிருத்தி லேங்குவேஜ்டூல். தமிழும் அதில் உண்டு. அதன் விதிகளோடு உதாரண வாக்கியங்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள். தானியங்கிச் சோதனை அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். பிழையான வாக்கியம் பிடிபட்டதா? குறித்த இடத்தில்தான் பிடிபட்டதா, ஓர் எழுத்து தள்ளியா? பரிந்துரை எதிர்பார்த்ததுதானா? இவற்றோடு நிற்பதில்லை. திருத்திய வாக்கியத்தை அதே விதியிடம் மறுபடி கொடுத்து, இப்போது குறை சொல்லாமல் இருக்கிறதா என்றும் பார்க்கும். தன் திருத்தத்தைத் தானே சந்தேகிக்கும் இந்தக் கடைசிப் படி அருமையானது.

அதைவிட அருமை, பேசாமல் இருக்கச் சொல்லும் உதாரணங்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். மிஞ்சியதை வெளியேற்றுவது வடிகால். முன்னதில் ‘க்’ உண்டு. பின்னது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. அதில் ஒற்றுக்கு இடமில்லை. ‘வடிக்கால்’ என்று திருத்த முனையும் ஆர்வக்கோளாறான விதியை நிறுத்த, சரியான ‘வடிகால்’ ஒன்று சோதனையில் இருந்தாக வேண்டும். விதி வாய்க்கால் என்றால் விதிவிலக்கு வடிகால். வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகிவிடும்.

கண்ணுக்கே தெரியாத நுணுக்கமும் உண்டு. கொள்ளிடத்தின் ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வெவ்வேறு. இரண்டு வடிவத்தையும் சோதனையில் வைத்திருப்பவரே கைதேர்ந்தவர்.

நாளை வேறொருவர் ஒரு விதியை இறுக்குகிறார். ‘காவிரி கரை புரண்டது’ தவறு என்று காட்டத் தொடங்குகிறது. வெளியிடுவதற்கு முன்பே பழைய உதாரணம் தோற்று, கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவர் அருகில் இருக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சம்பா, குறுவை, மடை, மதகு என்று நீங்கள் எழுதும் சரியான தொடரை ஏதாவதொரு பிழைதிருத்தி தவறென்று கோடிட்டால், சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை அப்படியே அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த சோதனைக்கு அதுதான் விதைநெல்.