ஒரு 'து' தொலைந்த இடம்

மென்பொருள் வழுக்களில் பெரும்பாலானவற்றில் ரசிக்க ஒன்றுமில்லை. எங்கோ ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருக்கும். கண்டதும் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பாவிப்பவரே நிரல் எழுதி விரித்துக்கொள்ளக்கூடிய ஈமாக்ஸ் போன்ற எடிற்றர்களில் ஒரு தனி வகை வழு உண்டு. எந்த வரியை எடுத்துப் பார்த்தாலும் சரியாக இருக்கும். எழுதியவரிலும் பிழையில்லை, அழைத்தவரிலும் பிழையில்லை. ஒரு மாறியின் பெயர் எந்த எல்லைக்குள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லாம் சறுக்கும். நல்ல சதுரங்கப் புதிரைப் பார்ப்பவர்கள்போல நான் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு.

எங்கள் ஊருக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கோவில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் என்று எத்தனையோ கோப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. சிம்பிள் ஜே 'த', கேப்பிற்றல் ஜே 'து'. சிம்பிள் கே 'ம', கேப்பிற்றல் கே 'மு'. சிம்பிளும் கேப்பிற்றலும் இங்கே வேறு வேறு எழுத்துகள். இதை யுனிகோடுக்கு மாற்ற ஈமாக்ஸில் இருபது வரியில் ஒரு நிரல் எழுதலாம்: தேடு, மாற்று, அடுத்ததைத் தேடு.

ஈமாக்ஸ் தேடும்போது சிம்பிள், கேப்பிற்றல் பேதம் பார்ப்பதில்லை. அதை ஆள்வது கேஸ்-ஃபோல்ட்-சேர்ச் என்ற மாறி; தானாக அது 'ஆம்' என்றிருக்கும். அப்படியே விட்டுவிட்டு 'த'வுக்கான விதியை முதலில் ஓடவிட்டால், அது 'து'வையும் சேர்த்து விழுங்கும். முருகன் மரகன் ஆவார். சுன்னாகம் சன்னாகம் ஆகும். பருத்தித்துறை பரத்தித்தறை ஆகும். விபரம் தெரிந்தவர் ஆகையால் நம் நிரலாளர் தொடக்கத்திலேயே 'லெட்' போட்டு, இந்த வேலை முடியும்வரை அந்த மாறி 'இல்லை' என்றிருக்கட்டும் என்று கட்டிவிடுகிறார். பிறகு ஒரு தற்காலிக பஃபரை, அதாவது ஈமாக்ஸ் எழுத்துகளை வைத்துத் திருத்தும் இடத்தை, திறந்து, அதற்குள் எழுத்துகளைக் கொட்டி, மாற்றங்களைச் செய்கிறார். நிரல் அழகாக ஓடுகிறது. மாதக்கணக்கில் ஓடும்.

ஒருநாள், ஒரேயொரு கோப்பில் மட்டும் எல்லா 'து'வும் 'த' ஆகிவிடுகிறது. அதே நிரல், அதே எழுத்துரு. வேறுபாடு ஒன்றுதான்: அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தவர், சிம்பிள் கேப்பிற்றல் பேதம் பார்த்தே தேட வேண்டும் என்று அந்தப் பஃபருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பேதம் பார் என்று கேட்டவருடைய கோப்பில்தான் பேதம் அழிந்தது!

காரணம் இதுதான். ஈமாக்ஸில் ஒரு மாறிக்குப் பொதுவான மதிப்பு ஒன்று உண்டு. பஃபர் விரும்பினால் தனக்கென்று தனி மதிப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். நிற்கிற பஃபரில் தனி மதிப்பு இல்லையென்றால் 'லெட்' பொது மதிப்பைக் கட்டும். புதிதாகத் திறந்த தற்காலிக பஃபர் அதைக் காணும். தனி மதிப்பு இருந்துவிட்டாலோ 'லெட்' அதை மட்டுமே கட்டும். தற்காலிக பஃபருக்குள் நுழைந்ததும் அந்தக் கட்டு பின்னால் நின்றுவிடுகிறது. உள்ளே பழைய பொது மதிப்பு, அதே 'ஆம்'. 'லெட்' வரியைத் தற்காலிக பஃபருக்கு உள்ளே நகர்த்தினால் தீர்ந்தது. ஒரு எழுத்தும் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான திருத்தங்களில் இது ஒன்று.

எது எதைத் தொடர்கிறது என்ற இந்த நியாயம் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துத் தந்த தேசவழமைச் சட்டம் ஆளையும் தொடர்கிறது, காணியையும் தொடர்கிறது. வடமாகாணத் தமிழர் கொழும்பில் இருந்தாலும் அவருடைய முதுசத்துக்கும் சீதனத்துக்கும் அதுவே சட்டம்; வடக்கில் உள்ள காணிக்கோ, உடைமையாளர் யாராக இருந்தாலும் அதன் சில விதிகள் பொருந்தும். எழுதிய இடத்துச் சூழலைத் தன்னோடு தூக்கிச் செல்லும் லெக்சிக்கல் மாறி முதலாவது வகை. பஃபரின் தனி மதிப்பு இரண்டாவது வகை. எந்தச் சட்டம் எதைத் தொடர்கிறது என்று தெரியாமல் உறுதி எழுதும் நொத்தாரிசு என்ன பாடு படுவாரோ, அதே பாட்டைத்தான் மேலே கண்ட நிரலாளரும் பட்டார்.

ஈமாக்ஸில் மூன்றாவதாக டைனமிக் மாறியும் இருக்கிறது. அதன் எல்லை நேரம். கட்டியதிலிருந்து அவிழ்க்கும்வரை, இடையில் அழைக்கப்படும் எவரும் அந்த மதிப்பையே காண்பர். ஈமாக்ஸை விரிக்க எழுதும் மொழியின் தாயான லிஸ்ப் பிறந்தபோதே இது வந்துவிட்டது, அதுவும் விரும்பி வைத்ததல்ல. ஜேம்ஸ் ஸ்லாகிள் எழுதிய ஒரு சார்பு சரியாக வேலை செய்யவில்லை என்று முறையிட்டபோது, தான் அதை வெறும் வழு என்றே எண்ணி, லிஸ்பை நிரலாக்கிய ஸ்டீவ் ரஸல் சீக்கிரம் திருத்திவிடுவார் என்று நம்பியதாக அம்மொழியை உருவாக்கிய ஜோன் மக்கார்த்தி பின்னாளில் எழுதினார். ரஸல் ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் செய்தார். ஆனால் கேள்வி தீரவில்லை. 1975இல் லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீம் லெக்சிக்கல் பக்கம் போனது. ஈமாக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1981இல் அதைப் பற்றிய தன் கட்டுரையில் எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார்: எடிற்றரை விரிப்பவருக்கு, மூல ஆசிரியர் எதிர்பாராத இடத்திலும் ஒரு மதிப்பைக் கொஞ்ச நேரம் மாற்றிப் பிடிக்கும் உரிமை வேண்டும்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. பாமினி நிரலில் தேடும் கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் 'பேதம் பார்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாமல், மேலே ஒரு கட்டுப் போட்டாலே போதும் என்பது டைனமிக் மாறி தரும் கொடைதான். அந்த வசதியை இழந்த எடிற்றரில் எனக்கு வேலை ஓடாது. ஆனால் விலையும் இருந்தது. உங்கள் சார்பு ஒன்றை இன்னொருவருடைய சார்பிடம் கொடுக்கிறீர்கள். இருவரும் தற்செயலாக எக்ஸ் என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைத்திருந்தால், உங்கள் எக்ஸுக்குப் பதில் அவருடைய எக்ஸ் வந்து நிற்கும். அதனால்தான் ஈமாக்ஸின் பழைய சீஎல் நூலகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன மாறிக்குக்கூட முன்னால் சீஎல் என்று ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு, மொழியில் இல்லாத வேலியைக் கையால் கட்டியவர்களின் பொறுமை.

2012இல், 24.1 பதிப்பில், ஈமாக்ஸ் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதினால் அந்தக் கோப்பு லெக்சிக்கல் ஆகும். 'டெஃப்வார்' போன்றவற்றால் அறிவிக்கப்பட்ட மாறிகள் மட்டும் டைனமிக்காகவே இருக்கும். இந்தச் சமரசத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதுவே ஆக நுட்பமான வழுவையும் பெற்றெடுத்தது.

இன்னொரு பொதி அறிவித்த மாறியை உங்கள் கோப்பில் 'லெட்' போட்டுக் கட்டுகிறீர்கள். அந்தப் பொதி இன்னும் ஏற்றப்படவில்லை. ஈமாக்ஸுக்கு அது யாரோ ஒரு உள்ளூர்ப் பெயர், லெக்சிக்கலாகக் கட்டிவிடுகிறது. அழைக்கப்படும் சார்புக்கு உங்கள் கட்டு தெரியாது. என்ன பிழை என்று தேட அந்தப் பொதியை ஏற்றுகிறீர்கள், உங்கள் சார்பை மீண்டும் மதிப்பிட்டுப் பார்க்கிறீர்கள், இப்போது ஓடுகிறது. ஈமாக்ஸை மூடித் திறந்தால் மறுபடி ஓடவில்லை. கம்பைலரோ அந்த மாறி எங்கும் பயன்படவில்லை என்று எச்சரிக்கும். துப்புரவு விரும்பி ஒருவர் அதை நம்பி அந்த வரியை அழித்தே விடுவார். மருந்து கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரி: மதிப்பு எதுவும் கொடுக்காமல் 'டெஃப்வார்' போட்டுப் பெயரை மட்டும் எழுதுவது. அது எந்த மாறியையும் உண்டாக்காது, வேறெந்தக் கோப்பையும் தொடாது. இந்தப் பெயர் வெளியாருடையது என்று இந்தக் கோப்புக்கு மட்டும் சொல்லிவைக்கும்.