வாரம் ஒரு தீர்ப்பு: பெருங்கதைகளும் மதுரை வாசகரும்

சு. வெங்கடேசனின் இரண்டு பெருநாவல்களும் மதுரையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் களமாகக் கொண்டவை. 'காவல் கோட்டம்' 2008-இல் தமிழினி வெளியீடாக, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒற்றைப் புத்தகமாக வந்தது. 'வீரயுக நாயகன் வேள்பாரி' 2016 தொடங்கி 2018 வரை நூறு வாரங்களுக்கு மேல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு இரண்டு தொகுதிகளாயிற்று. முன்னதற்கு 2011-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பொது வாசகரின் அன்போ பின்னதற்குத்தான் கொட்டியது. 'காவல் கோட்டம்' படித்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்; 'வேள்பாரி' படித்தவர் தானாகவே வந்து பேசுவார். இரண்டு நூல்களைப் பற்றியும் வாசகர்கள் சொன்னவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், நெடுங்கதைகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நம் பழக்கம் எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெரியவரும்.

பல அரசுகள், பல தலைமுறைகள், போர்கள், வம்சப் பட்டியல்கள் என்று விரிந்துகொண்டே போகும் கதைமேல் உள்ள பசி எல்லா மொழிக்காரர்களுக்கும் உண்டு. மேற்கில் அந்தப் பசிக்குப் பெருமளவில் தீனி போட்டவை விண்வெளிக் கதை வரிசைகள். ஜெர்மனியில் 1961-இல் தொடங்கிய 'பெர்ரி ரோடன்' வாரந்தோறும் வெளிவந்து மூவாயிரம் இதழ்களைத் தாண்டிவிட்டது. வாசகர் கடிதப் பக்கம் அதன் உறுப்புகளில் ஒன்று. ஐசக் அசிமோவ் 1950-களின் தொடக்கத்தில் விட்டுவிட்ட 'ஃபவுண்டேஷன்' வரிசைக்கு 1982-இல் திரும்பி வந்ததற்குக் காரணம், வாசகரும் பதிப்பாளரும் அவரை விடாமல் கேட்டதுதான். தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் எழுதினார். இருந்தும் கோள்விட்டுக் கோள் பாயும் நீண்ட வரிசை இங்கே வேர் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் நமக்குச் சோழரும் பாண்டியரும் வேளிரும் இருந்தார்கள்.

இந்தப் பழக்கத்தின் பெரிய வலிமை, வாசகர் கதையோடு சேர்ந்து வயதாவது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. தொடங்கியபோது பள்ளியில் இருந்த பெண், முடிந்தபோது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்திருப்பாள். அவளுக்கு வந்தியத்தேவன் நான்கு வருடப் பழக்கம். அந்த உரிமையில்தான் முடிவு சட்டென்று வந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். ஒவ்வொரு பாத்திரமும் பிறகு என்ன ஆனது என்று கேட்டார்கள். கல்கி அதற்கு ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. இன்றும் நாவலின் பதிப்புகளில் அது கடைசியில் இருக்கிறது. வாசகரின் மனக்குறை ஒரு நூலின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அந்தக் கதையைத் தொடர்ந்ததையும் இந்தப் பசியை வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

மதுரையில் நடக்கும் 'குறிஞ்சி மலர்' தொடராக வந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். ஒரு நாவலைப் பற்றி இதைவிட உறுதியான கருத்தை எந்த விமரிசகரும் சொல்லிவிட முடியாது. தொடர்கதைப் பக்கங்களை வாரவாரம் கிழித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்படித்தான். பழைய புத்தகக் கடையில் அப்படியொரு தொகுப்பைப் புரட்டினால் ஓவியத்துக்குப் பின்பக்கம் தைல விளம்பரம் இருக்கும். ஓரத்தில் யாரோ பென்சிலால் தேதி குறித்திருப்பார்கள். எந்த அத்தியாயத்தில் தாள் அதிகம் நைந்திருக்கிறது என்பதே அந்த வீட்டின் மதிப்பீடு. 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்தார். 'வேள்பாரி'க்கு அவர் மகன் ம.செ. வரைந்தார். ஆகவே, வேள்பாரியைக் கையில் எடுத்த வீடுகள் பலவற்றில் தாத்தா பாட்டிக்கும் அந்தக் கோடுகள் பழகியவையாக இருந்தன. தலைமுறை கடந்த இந்தத் தொடர்ச்சியை எளிதாக நினைக்கக் கூடாது. எழுத்தாளர் மாறினாலும் இதழ் மாறினாலும் ஒரு வாசகர் கூட்டம் கலையாமல் நிற்கிறது.

இரண்டாவது வலிமை, உள்ளூர் அறிவு. 'காவல் கோட்டம்' வெளிவந்ததும் எழுத்தாளர்களிடையே கடும் சண்டை நடந்தது. ஜெயமோகன் அதைப் பெரும் சாதனை என்று விரிவாக எழுதினார், எஸ். ராமகிருஷ்ணன் முற்றாக நிராகரித்தார். ஆனால் மதுரைக்காரர்கள் அந்த நூலைப் பேசிய விதம் வேறு. பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் தினம் நடப்பவருக்கு, அவை கோட்டையை இடித்த வேலையை முன்னின்று நடத்திய இருவரின் பெயர்கள் என்று தெரியவரும்போது, கால் வைத்த இடமே மாறிப்போகிறது. வெளி வீதிகள் ஓடுவது பழைய மதிலும் அகழியும் இருந்த தடத்தில். விளக்குத்தூண் என்று நாம் பஸ் ஏறி இறங்கும் இடத்தின் தூண், கோட்டையை இடிக்கச் சொன்ன கலெக்டர் பிளாக்பர்னுக்காக எழுப்பியது. கோட்டை இடிபடும்போது அதன் காவல் தெய்வங்கள் வெளியேறும் பகுதியைப் பற்றிப் பேசாத 'காவல் கோட்டம்' வாசகர் மதுரையில் இருக்க முடியாது. தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளை ஊர் மறந்திருந்தது. அவரைத் திரும்ப ஊரின் பேச்சில் உட்கார வைத்தது இந்த நாவலும் அதன் வாசகர்களும்தான்.

நாவல் 1310-இல் மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி 1910-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதன்பின் நடந்ததை மதுரை மேற்கின் வாசகருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை: குற்றப் பரம்பரைச் சட்டம், கைரேகைப் பதிவு, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு. புத்தகம் விட்ட இடத்திலிருந்து அவர் தன் குடும்பக் கதையைச் சேர்த்துப் படிக்கிறார். அந்த வாசிப்பை வேறு ஊர்க்காரர் செய்ய முடியாது.

இவ்வளவும் இருந்தும், நம் வாசகர் கருத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. அது நாயகனைத் தாண்டிப் போவதே இல்லை.

'காவல் கோட்டம்' மேல் அடிக்கடி சொல்லப்படும் குறை, யாரைப் பிடித்துக்கொண்டு படிப்பது என்று தெரியவில்லை என்பது. அறுநூறு ஆண்டு நீளும் கதையில் ஓர் ஆள் எப்படி நிற்பார்? அதில் நிற்பது காவல் என்னும் உரிமை. முதலில் அது அரசின் மதில். பிறகு கிராமத்தாரின் பொறுப்பு. கடைசியில் வெள்ளைக்கார அரசின் போலீஸ். காவல் செய்தவன் அந்த மூன்றாம் கட்டத்தில் திருடனாக எழுதப்படுகிறான். பின்பாதியைப் படித்தபின் முன்பாதிக் காட்சிகளின் பொருளே மாறிவிடுகிறது. நெடிய நாவல் தன் நீளத்துக்கு நியாயம் சொல்ல வேண்டிய வழி இதுதான் என்று நம்புகிறேன்: பின்னே வருவது முன்னே வந்ததைத் திருத்தி எழுத வேண்டும். அந்தச் சோதனையில் 'காவல் கோட்டம்' தேறுகிறது. நடுவில் தகவல்கள் குவிந்து மூச்சுமுட்டும் பக்கங்கள் இருக்கின்றன. பாத்திரங்கள் முகம் பதியுமுன் செத்துப்போகிறார்கள். இந்தக் குறைகளைச் சொன்ன வாசகர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அவர்களில் பலர் முந்நூறாம் பக்கத்தில் நின்றபடி சொன்னார்கள். அந்தக் கட்டடத்தின் கூரையை அவர்கள் பார்க்கவில்லை.

'வேள்பாரி'யில் நிலைமை தலைகீழ். அதன் நாயகனை வாசகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடக் காரணமும் இருந்தது. கீழடியில் அகழாய்வு தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. சங்கப் பாட்டில் வந்தவர்கள் மண்ணுக்கடியிலும் இருக்கிறார்கள் என்ற பூரிப்பு வைகைக் கரையெங்கும் பரவியிருந்தது. 2017 தை மாதத்தில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் திரண்ட கூட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தச் சூழலில் வாரம்தோறும் பறம்பு மலை வந்தது. இன்றைய பிரான்மலை, சிங்கம்புணரிப் பக்கம், மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் போய்வரும் தூரம். வாசகர்கள் குடும்பத்தோடு மலையேறிப் போனதில் வியப்பில்லை. செடி, பூச்சி, பறவை பற்றி அந்த நாவல் அள்ளிக்கொடுத்த செய்திகளுக்காகவே அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கதையின் மையத்தில் ஒரு சிறு விலங்கு இருக்கிறது: எப்போதும் வடக்கு நோக்கியே அமரும் தேவவாக்கு விலங்கு. கடலோடும் வணிகருக்கும் பேரரசர்க்கும் திசை காட்ட அது வேண்டும். அது வாழ்வதோ பறம்பின் காட்டில். அதற்காகவே மூவேந்தரின் கண் மலைமேல் விழுகிறது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' படித்தவர்களுக்கு இங்கே நெஞ்சு ஒருமுறை துள்ளும். அங்கே பாலைவனக் கோளில் மட்டும் கிடைக்கும் ஒரு வாசனைப்பொருள் இல்லாமல் விண்கலங்கள் வழி காண முடியாது. அதற்காகப் பேரரசு அந்த மண்ணின் மக்களை நசுக்குகிறது. ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மூலப்பொருளும் வழிகாணும் தேவையும் சேரும் இடத்தில்தான் பேரரசுகள் மூர்க்கம் கொள்கின்றன என்பதை இரண்டு எழுத்தாளர்களும் கண்டிருக்கிறார்கள். 'வேள்பாரி'யின் மிகக் கூர்மையான சிந்தனை இது. என் காதில் விழுந்த பாராட்டுகளில் இது மிக அரிதாகவே இருந்தது. பாரியின் வீரம், பாரியின் கொடை, பாரியின் காதல், மறுபடி பாரியின் வீரம்.

ஹெர்பர்ட் 1965-இல் நூலாக வந்த முதல் கதையின் வீரனை 1969-இல் 'டூன் மெசையா'வில் குலைத்துக் காட்டினார். மக்கள் தூக்கிவைத்த தலைவனே எவ்வளவு பேரழிவுக்குக் காரணமாகிறான் என்று எழுதினார். முதல் கதையைத் தொடராக வெளியிட்ட இதழாசிரியர் ஜான் கேம்பெல் இரண்டாவதை ஏற்க மறுத்துவிட்டார். வீரன் வீரனாக நிற்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வேறோர் இதழ் அதை வெளியிட்டது. முதல் பாகத்தை நேசித்த வாசகர்கள் பலரும் அதில் ஏமாந்தார்கள். ஆனாலும் அந்த வரிசையை இன்றுவரை பேசவைப்பது அந்தக் குலைப்புதான்.

பாரிக்கு அப்படி ஒரு சோதனை நேர்வதில்லை. அவன் தவறு செய்வதில்லை. அவன் மக்கள் தவறு செய்வதில்லை. கீழ்மையெல்லாம் வேந்தர் பக்கம். வேந்தரில் ஒருவர் நம் பாண்டியர் என்பதை மதுரை வாசகர் எப்படி எடுத்துக்கொண்டார்? தன் நகரத்து அரசன் மலையை அழிக்க வருகிறான். வாசகரோ மலையின் பக்கம் நின்று கைதட்டுகிறார். வியாபாரமும் கோட்டையும் அரண்மனையுமாக வளர்ந்த மதுரையின் பிள்ளைகள்தாம் நாம். அந்தச் சங்கடத்தைத் தனக்குள் எடுத்துப் பேசிய கருத்து எனக்குப் போதுமான அளவு கேட்கக் கிடைக்கவில்லை.

இதில் வாரத் தொடர் என்ற வடிவத்துக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு வாரமும் கருத்து வருகிறது என்றால் ஒவ்வொரு வாரமும் ஒரு உச்சம் தேவைப்படுகிறது. உயர்த்திய நாயகனை அடுத்த வாரம் இறக்கினால் கடிதங்கள் கோபப்படும். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை எழுதியபோது இந்த அழுத்தம் இன்னும் நெருக்கமாகவே இருந்திருக்கும். ஆனால் அவர் கையில் இருந்தது பாரதம். அதில் யாரும் மாசற்றவர் இல்லை என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். பாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வள்ளல் என்ற பெயரோடே நாம் அவனைப் பள்ளிப் பாடத்தில் சந்திக்கிறோம்.

மேலும் இரண்டு பழக்கங்கள் நம் கருத்துகளைக் கெடுக்கின்றன. ஒன்று, நாவலைக் கல்வெட்டைப்போல் சரிபார்ப்பது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று உடையார்குடிக் கல்வெட்டை வைத்து நடக்கும் வாதம் சுவையானதுதான். மணிரத்னத்தின் படங்கள் வந்த 2022, 2023-இல் அது மறுபடி சூடாயிற்று. ஆனால் நந்தினியைக் கல்கி எதற்காகக் கற்பனை செய்தார், அவள் இல்லாமல் அந்தக் கதை ஏன் நிற்காது என்ற கேள்வி அந்த வாதத்தில் காணாமல் போகிறது. மற்றொன்று கனமானது: சாதி. 'காவல் கோட்டம்' பற்றி 'எங்களை முதல்முறையாக ஒருவர் எழுதினார்' என்று நெகிழ்ந்ததும், 'எங்களைக் களவோடு சேர்த்து எழுதலாமா' என்று கொதித்ததும் ஒரே உணர்வின் இரு முனைகள். அந்த உணர்வுக்குப் பின்னால் உண்மையான காயம் இருப்பதால் அதை நான் தள்ளமாட்டேன். என்றாலும், நாவல் தம் ஆட்களை எந்த உயரத்தில் வைத்தது என்று மட்டும் அளப்பவருக்கு அதே நூலில் வரும் நாயக்கர் காலத்துப் பெண்கள், பஞ்சத்தில் செத்தவர்கள், சிறைக்குள் கிடந்தவர்கள் எல்லாரும் பின்னணித் திரையாகிவிடுகிறார்கள். 2012-இல் 'அரவான்' படமாக வந்ததும் இந்த நூலின் ஒரு கிளைதான். அந்த ஒரு கிளையே மரம் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

வாரவாரம் கருத்துச் சொல்வதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லாவிட்டால் இந்த நூல்கள் எழுதப்பட்டிருக்காது. கேட்பது, முடித்தபின் இன்னொரு கருத்து. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் முதல் தொகுதிக்குக் கையெழுத்து வாங்க வரிசை நிற்கிறது. அடுத்த ஆண்டு அதே ஆட்களைக் கூட்டிவைத்து இரண்டாம் தொகுதியின் கடைசி நூறு பக்கங்களைப் பற்றி மட்டும் பேசச் சொல்லலாம். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கு இடமும் இருக்கிறது. அங்கே முதலில் எடுக்க வேண்டிய கேள்வி பாரி மகளிரைப் பற்றியது. பறம்பை இழந்த பின் அவர்கள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு நிற்கிறது. தமிழ் படித்தவர் எல்லாரும் அறிந்த பாட்டு. அந்தப் பாட்டையும் நாவல் காட்டும் பாரியையும் ஒரே மேசையில் வைத்து, அப்பாவின் புகழுக்கான விலையை மகள்கள் கொடுத்ததைப் பற்றி வேள்பாரி வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.