தெரிந்தும் சொல்லாத ஜிடிபி

ஓ2 போட்டு கம்பைல் செய்த புரோகிராமில் ஒரு வேரியபிளைக் கேட்டால், ஜிடிபி சில சமயம் 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்று கைவிரிக்கும். எரிச்சல்தான், ஆனா நேர்மையான பதில்.

என் குறை வேற. சி பிளஸ் பிளஸ்ஸில் 'வடிவம்' வகைப் பாயிண்டர் உண்மையில் 'வட்டம்' ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆப்ஜெக்டை பிரிண்ட் செய்தால் வடிவத்தின் உறுப்புகள் மட்டுமே வரும், ஆரம் வராது. விர்ச்சுவல் ஃபங்ஷன் இருந்தால், கூடவே வட்டத்தின் விடேபிள் பெயரும் வரும்! உண்மை வகை கண்ணுக்கு முன்னாடி இருக்கு, ஆனால் 'செட் பிரிண்ட் ஆப்ஜெக்ட் ஆன்' என்று சொன்னால்தான் ஆரத்தைக் காட்டும். தானாக அது ஆஃப்.

இல்லாததை இல்லை என்பது சரி. தெரிந்ததை மறைத்தால், புதுசா வர்றவர் தப்பான இடத்தில் பிழை தேடுவார். அந்த வரியை இன்றே உங்க ஜிடிபி இனிட் கோப்பில் சேர்த்துடுங்க.