சான்று கேட்டால் ஒரு வரியைப் பெயர்த்து வைத்தால் போதுமா?

கிரேக்கப் புராணக் கதைகளை வைத்துத் தயாரித்த கருத்துணர்தல் பயிற்றி ஒன்று கொஞ்ச நாளாக ஆசிரியர் புலனக் குழுக்களில் சுற்றி வருகிறது. இக்காரஸ், பண்டோரா, அக்கிலீஸ் என்று சில கதைகள். ஒவ்வொன்றின் கீழும் குறுவிடைக் கேள்விகள். பின்பக்கம் விடைக்குறிப்பு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சில வகுப்புகளில் இது பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. தயாரித்தவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. நல்ல நோக்கத்தோடு, சொந்த நேரத்தைச் செலவழித்துச் செய்திருக்கிறார். அதற்கு முதலில் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், "சான்றுடன் விடை எழுதுக" என்று கேள்விதோறும் போட்டிருக்கும் இந்தப் பயிற்றி, உண்மையில் சான்றைக் கேட்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

இக்காரஸ் கதையை எடுத்துக்கொள்வோம். கிரீட் தீவில் மைனோஸ் மன்னனிடம் சிக்கியிருக்கிறான் டெடலஸ். தரை வழியும் கடல் வழியும் மன்னன் கையில். வானம் மட்டுமே திறந்திருக்கிறது. இறகுகளை நூலாலும் மெழுகாலும் சேர்த்துத் தனக்கும் மகனுக்கும் சிறகு செய்கிறான். ரொம்பத் தாழ்ந்து பறந்தால் ஈரம் பட்டு இறகு கனக்கும், ரொம்ப உயர்ந்தால் வெயில் சுடும், நடுவிலேயே வா என்று மகனிடம் சொல்கிறான். மகன் பறக்கும் மகிழ்ச்சியில் மேலே போகிறான். மெழுகு உருகுகிறது, கடலில் விழுகிறான்.

கேள்வி: "இக்காரஸின் முடிவுக்கு யார் காரணம்? சான்றுடன் எழுதுக." 3 புள்ளி.

விடைக்குறிப்பு: "இக்காரஸ்தான் காரணம். ஏனென்றால் அவன் தந்தை சொல்லைக் கேட்கவில்லை."

இங்கேதான் பிரச்சினை. இந்த விடையை எழுதக் கதையைப் படிக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆண்டு 1 முதல் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கதையில் அப்பாவும் மகனும் வந்தாலே, மகன் அப்பா சொல்லைக் கேட்கவில்லை என்று எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மேலும், 'கேட்கவில்லை' என்பது நம்முடைய தீர்ப்பு. பனுவலில் இருக்கும் சான்று அவன் மேலே போனதும், போக வேண்டாம் என்று முன்பே சொல்லப்பட்டதும். அந்த இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் தீர்ப்பு நிற்கும். 'ஏனென்றால்' என்ற சொல்லைப் போட்டுவிட்டால் மட்டும் அது சான்றாகிவிடாது.

இப்போது ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "டெடலஸும் காரணம். வெயில் சிறகைக் கெடுக்கும் என்று அவனே எச்சரித்தான். ஆகவே ஆபத்து அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சிறுவனை அதே மெழுகுச் சிறகோடு பறக்க விட்டான்." கூற்று இருக்கிறது, பனுவலிலிருந்து சான்று இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் விளக்கமும் இருக்கிறது. 3 புள்ளிக்கு 3 புள்ளி கொடுக்க வேண்டிய விடை. ஆனால் விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தினால் அவளுக்குச் சுழியம். யோசித்த பிள்ளைக்குச் சுழியமும் யோசிக்காத பிள்ளைக்கு முழுப் புள்ளியும் போனால், அடுத்த முறை அவளும் யோசிக்க மாட்டாள். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியென்றால் எதை எழுதினாலும் சரியா? இல்லை. "சூரிய தேவன் கோபப்பட்டுச் சிறகை எரித்துவிட்டான்" என்று எழுதினால் அதற்குப் பனுவலில் இடமே இல்லை. இன்னொரு மாணவன், "டெடலஸைக் குறை சொல்ல முடியாது, தரையும் கடலும் மன்னன் கையில் இருந்தன, வேறு வழியில்லை" என்று எழுதினால், அந்த மாணவியின் விடைக்குச் சரியான மறுப்பாக அதையும் ஏற்கலாம். இருவர் சொல்வதும் வேறு. ஆனால் இருவருமே கதைக்குள் விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இக்கதையை விரிவாகப் பாடியவர் ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. 8ஆம் ஆண்டளவில். அவருடைய டெடலஸ் மகனுக்குச் சிறகைப் பொருத்தும்போது கை நடுங்குகிறான், கண் கலங்குகிறான். பயிற்றியில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, 'பெரியோர் சொல் கேள்' என்று ஒரு நீதியைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். சான்றைக் கத்தரித்துவிட்டுச் சான்று கேட்டால் பிள்ளை எங்கே போவான்?

அடுத்தது முன்னறிவு. அக்கிலீஸ் கதையின் கீழ், "ஹோமரின் இலியட்டில் அக்கிலீஸ் எப்படி இறந்தான்?" என்று ஒரு கேள்வி. விடைக்குறிப்பு: "குதிகாலில் அம்பு பட்டு." இலியட்டில் அக்கிலீஸ் இறப்பதே இல்லை. அவன் மரணம் நெருங்கிவிட்டது என்ற முன்னறிவிப்புதான் உண்டு. காவியம் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. மரக்குதிரையும் இலியட்டில் இல்லை. அது ஒடிசியில் நினைவுகூரப்படுகிறது. பண்டோராவின் 'பெட்டி'யும் அப்படித்தான். ஹெசியோட் பாடியது ஒரு பெரிய தாழியை. அது பெட்டியானது 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் லத்தீனில் எழுதியபோதுதான். 1997இல் வந்த டிஸ்னியின் ஹெர்குலிஸ் படத்தைப் பார்த்த பிள்ளை, ஹீரா அவனுடைய பாசமான தாய் என்று எழுதுவான். பழைய கதைகளில் அவனைத் துரத்தித் துரத்தி வதைப்பவளே அவள்தான்.

இது கிரேக்கர்களோடு நிற்கும் சிக்கல் இல்லை. நம் பிள்ளைகளிடம், ஏன், நம்மிடமே, இலட்சுமணன் கோடு எந்தக் காண்டத்தில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அகலிகை கம்பனில் கல்லாகிறாள்; வால்மீகியில் கல்லாவதில்லை. ஆகவே "இராமாயணத்தின்படி" என்று எழுதுவதே போதாது. எந்த இராமாயணம் என்று சொல்ல வேண்டும். வரலாற்றுப் பாடத்திலும் இதே கதைதான். மலாக்கா மன்னர்களின் வம்சம் இஸ்கண்டார் சுல்கர்னாயினிடமிருந்து வந்தது என்று மட்டும் எழுதுவது வேறு. "செஜாரா மெலாயுவின்படி" என்று தொடங்கி எழுதுவது வேறு. அந்த ஒரு சொல்லில்தான் சான்றோடு எழுதும் பழக்கமே ஆரம்பிக்கிறது.

கூற்று, சான்று, விளக்கம் என்ற மூன்று படியைச் சொல்லிக் கொடுக்க இரவல் வாய்பாடு எதுவும் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை கையிலேயே இருக்கிறது. கண்ணகியின் கூற்று: கோவலன் திருடவில்லை. சான்று: அவள் சிலம்பின் பரல் மாணிக்கம். பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று தன் வாயாலேயே சொல்கிறான். பிறகுதான் கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு கொண்டுவரப்பட்டு உடைபடுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. விளக்கம்: ஆகவே அது அரசியின் சிலம்பு அன்று. எதைப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதை உடைக்கும் முன்பே சொல்லிவிட்டாள் என்பதுதான் அவள் வாதத்தின் பலம்.

எதிர்ப்பக்கத்தையும் காட்டலாம். கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் எட்டு வகை உபாயங்களை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். பேச்சு நீளம், ஆனால் கோவலன் திருடினான் என்பதற்கு அதில் ஒரு சான்றும் இல்லை. நீளமாக எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று நம்பும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? 1964இல் வந்த பூம்புகார் படத்தை மட்டும் நினைவில் வைத்து எழுதாமல், நூலில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். கண்ணகி மதுரையில் இருந்த எல்லாரையும் எரிக்கச் சொன்னாளா? இல்லை. முதியோர், குழந்தைகள், பசு என்று யாரையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று தீக்கடவுளிடம் சொல்கிறாள்.

அதற்காகக் கிரேக்கக் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. புகாரில் யவனர் குடியிருப்பும் மதுரைக் கோட்டை வாயிலில் யவனக் காவலரும் இருந்ததைச் சொல்லும் காப்பியத்துக்கு உரியவர்கள் நாம். அவர்கள் கதை நம் வகுப்புக்கு வரட்டும். தெரியாத கதை என்பதால் பிள்ளை பனுவலை நம்பியே படிக்க வேண்டியிருக்கும். அது ஒரு வசதி. பயிற்றியில் மட்டும் சில திருத்தம் செய்தால் போதும்.

முதலாவது, கதையின் கடைசியில் ஒட்டிய நீதியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, "யார் காரணம்?" என்பதோடு நிறுத்தாமல், "பனுவலில் எந்தச் செயல் அல்லது பேச்சு உன்னை அப்படி நினைக்க வைக்கிறது?" என்று கேளுங்கள். மூன்றாவது, விடைக்குறிப்பில் ஒரே விடையைப் போடாமல் கூற்றுக்கு 1, சான்றுக்கு 1, இணைப்புக்கு 1 என்று புள்ளியைப் பிரியுங்கள். ஏற்கத்தக்க விடைகள் இரண்டும், ஏற்க முடியாதது ஒன்றும் மாதிரியாகக் கொடுங்கள். நான்காவது, கதை எந்த நூலைத் தழுவியது என்று தலைப்பின் கீழ் ஒரு வரி போடுங்கள்.

யூ.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.தி.3 2022இலும் போய்விட்டன. வகுப்புசார் மதிப்பீட்டில் திருத்துகிறவர் நாமேதான். விடைக்குறிப்பில் இல்லை என்று இனி வேறு யாரையும் கைகாட்ட முடியாது. புலனத்தில் வந்த பயிற்றியை அச்சடிக்கும் முன், அதன் கேள்விகளுக்குக் கதையைப் படிக்காமலேயே விடை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அந்தக் கேள்வியை மாற்றிவிடுங்கள்.