புலான்மறுத்தலும் பால்மறுத்தலும்: காரணங்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'சைவம்' என்னுஞ் சொல் ஒரு சமயத்தையும் ஓர் உணவு முறையையும் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. ஒருவரைச் 'சைவம்' என்று கூறுமிடத்து, அவர் சிவவழிபாடு உடையவர் என்பதிலும் பார்க்க, மச்சம் உண்ணாதவர் என்பதே பெரும்பாலும் கருதப்படும். சமயமும் உணவும் இவ்வாறு ஒரு சொல்லுள் அடங்கியமையால், ஓர் உணவை ஏன் விலக்குகின்றோம் என்னும் வினாவே எழாது போயிற்று.

அண்மைக் காலத்திலே, ஊனோடு பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் முற்றாக விலக்கும் 'வீகன்' உணவு நெறி நம்மவருட் சிலரையும் ஈர்த்துள்ளது. இதனை எதிர்கொள்வோர் இரு திறத்தினர். பாலைப் புனிதமெனக் கொள்ளும் மரபுவழிச் சைவர் இதனை விளங்காத மிகையென்று ஒதுக்குவர். முற்போக்காளரோ இதனை மேலைத்தேய மத்தியதர வர்க்கத்தின் வசதிவழி வந்த ஒழுக்கமென்றும், சாதியாசாரத்தின் புதிய வேடமென்றும் ஐயுறுவர். பின்னவரது ஐயம் நியாயமானதே. எனினும் இரு திறத்தாரும் விலக்கப்படும் பொருளைக் காண்கின்றனரேயன்றி, விலக்குதற்குரிய காரணங்களை வேறுபிரித்துக் காண்கின்றாரல்லர். அவ்வாறு வேறுபிரித்துக் காண்பதற்கு நம் இலக்கியமே துணைசெய்யும் என்பது எமது கருத்தாகும்.

முதற்கண், ஊனுண்ணாமை தமிழர்தம் தொன்மையான பொதுவொழுக்கம் என்னும் எண்ணத்தை நாம் கைவிடுதல் வேண்டும். புறநானூற்றிலே அந்தணராகிய கபிலர் தாம் ஊன் உண்டதைக் கூச்சமின்றிப் பாடுகின்றார். பெரியபுராணத்துக் கண்ணப்பர் காளத்தி நாதருக்குப் படைத்ததும் ஊனே. ஆகவே சிவபத்தியும் புலான்மறுத்தலும் தொடக்கந்தொட்டே பிரிக்க முடியாதவையாக இருந்தன எனல் வரலாற்றுக்குப் பொருந்தாது. சமண, பௌத்த சமயங்களோடு நிகழ்ந்த நெடுங்கால உறவிலும் மோதலிலுமே இவ்வொழுக்கம் தமிழ்ச் சிந்தனையில் வேரூன்றியது.

இவ்வகையிலே திருக்குறளின் இருபத்தாறாம் அதிகாரமாகிய புலான்மறுத்தல் தனிக்கவனத்திற்குரியது. இவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருத்தலால், இது துறவிகளுக்கே உரியதென அமைதி கூறுவாருளர். ஆயின் அதன் ஆறாம் குறள் துறவியின் உள்ளத்தைப் பற்றியதன்று, சந்தையைப் பற்றியது. உலகம் தின்பதை விடுமாயின் விலைக்கு ஊன் தருவாரும் இலராவர் என்பது அதன் கருத்து. இக்குறளிற் 'கொல்லாது' எனவும் 'கொள்ளாது' எனவும் இரு பாடங்கள் வழங்குகின்றன. முன்னதைக் கொண்ட பரிமேலழகர், பின்னே நிகழும் தின்கை முன்னே நிகழும் கொலைக்குக் காரணமாகாது என்று வாதிப்பாரை மறுப்பதாகவே இதனை விளக்குகின்றார். பின்னைய பாடத்தைக் கொள்ளின் கருத்து இன்னும் கூர்மையடைகின்றது: கத்தியேந்தியவன் மட்டுமன்றி, காசேந்தியவனும் கொலைக்குப் பொறுப்பாளியாகின்றான்.

இவ்வாதத்தின் சிறப்பை உணர, பௌத்த மரபின் ஒரு விதியை ஒப்புநோக்கலாம். தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாததும், கேளாததும், ஐயுறாததுமான ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது தேரவாத விநயம். பிச்சையேற்று வாழ்பவனுக்கு அவ்விதி பொருந்தலாம். விலைகொடுத்து வாங்குபவனுக்கு அது பொருந்தாது. சந்தையிலே எந்த ஆடும் இன்னாருக்கென்று கொல்லப்படுவதில்லை. வாங்குவார் அனைவருக்குமாகவே கொல்லப்படுகின்றது. குறளின் கருத்து தூய்மை, தீட்டு என்பவற்றைச் சார்ந்ததன்று. காரண காரியத் தொடர்ச்சியைச் சார்ந்தது. அதனாலேயே அதனை அறவியல் வாதம் என்கின்றோம்.

இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்லின் பாலின் நிலை யாது? பாலையும் தேனையும் இனிமைக்கு உவமையாக்கிய வள்ளுவர் இவ்வினாவை எழுப்பவில்லை. மணிமேகலையின் ஆபுத்திரன் கதை இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. தாயாற் கைவிடப்பட்ட குழவியாகிய ஆபுத்திரனை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்தபின் அவன் வேள்விக்கெனக் கட்டப்பட்ட ஒரு பசுவை இரவோடிரவாக விடுவித்து அடியுண்கின்றான். பிறந்த நாள் தொட்டுத் தன் பாலை மக்களுக்கு அளிக்கும் இவ்வுயிரோடு உமக்கென்ன பகை என்பது அந்தணரை நோக்கி அவன் எழுப்பும் வினா. தமிழ்க் காப்பியப் பரப்பிலே விலங்கொன்றின் பொருட்டு எழுந்த மிகத் துணிவான குரல்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அக்குரலும் பசுவின் பயன்பாட்டையே அதன் உயிருரிமைக்குச் சான்றாகக் காட்டுகின்றது. பால் தராத கன்றுக்கு, அதிலும் ஆண் கன்றுக்கு, இவ்வாதத்தில் இடமில்லை.

அவ்விடைவெளியிலேதான் பால்மறுத்தலின் காரணம் பிறக்கின்றது. ஈனாத பசு கறப்பதில்லை. பால் தொடர்ந்து கிடைக்கப் பசு மீண்டும் மீண்டும் ஈன வேண்டும். ஈனுங் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். உழவு இயந்திரம் வந்தபின் நாம்பன் கன்றுக்கு வயலிலும் வேலை குறைந்தது. பால் வற்றிய பசுவுக்கோ முதியோர் இல்லமில்லை. இரண்டும் சென்றடையும் இடம் ஒன்றே. இந்தியா எருமையிறைச்சியை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிருப்பது, அதன் பெரும் பாற்பண்ணைத் தொழிலின் மறுபக்கமேயாகும். கன்று இறந்தால் அதன் தோலினுள் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் மூத்தோர் அறிவர். அத்தோற்கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவைக் கண்டவர்க்குப் பாலை 'அது தானே தரும் கொடை' எனல் எளிதன்று.

1944ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் அவர்தம் நண்பர் சிலரும் 'வீகன்' என்னும் சொல்லைத் தோற்றுவித்தபோது, மரக்கறியுணவாளர் பாலை ஏற்பதிலுள்ள முரண்பாட்டையே அவர்கள் சுட்டினர். ஆயினும் இச்சிந்தனை மேலைத்தேயத்தின் தனியுடைமையன்று. பதினோராம் நூற்றாண்டிலே சிரியாவில் வாழ்ந்த பார்வையற்ற அரபுப் புலவர் அல்-மஅர்ரி (973-1057) ஊன், மீன், முட்டை என்பவற்றோடு, குட்டிக்குரிய பாலையும் தேனீக்குரிய தேனையும் கவர்தல் அநீதியென்று பாடியவர். 

இனி முற்போக்காளரின் ஐயத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே ஊன் விலக்கு அருளின் மொழியை மட்டும் பேசியதில்லை. தூய்மையின் மொழியையும் பேசியது. ஆறுமுக நாவலர் (1822-1879) புலாலுண்ணலையும் கோயிற் பலியையும் வன்மையாகக் கண்டித்தார். சாதியாசாரத்தையோ அவர் பேணியே நின்றார். ஆட்டின் உயிருக்கு இரங்கிய ஆசாரம், மனிதனைத் தீண்டத்தகாதவனென விலக்கிற்று. சைவக் கடைகள் என்று பெயர் தாங்கியவற்றிலே ஒடுக்கப்பட்டோர் உள்ளே இருந்து தேநீர் அருந்த முடியாதிருந்த காலம் தொலைவானதன்று. சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வாங்கியவர்கள், 1960களின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களின் மூலமே அக்கதவுகளைத் திறந்தனர். கே. டானியலின் 'பஞ்சமர்' இவ்வொடுக்குமுறையின் இலக்கியப் பதிவாகும். 

நாவலரின் சமகாலத்தவராகிய வடலூர் இராமலிங்கர் இதற்கு மாற்றான வழியொன்றைக் காட்டினார். 1867இல் அவர் தொடங்கிய தருமச்சாலையிலே கொல்லாமையும் பசித்தவர்க்குச் சோறிடுதலும் ஒரே கருணையின் இரு செயல்களாயின. சாதி கேட்டுச் சோறிடப்படவில்லை.

தூய்மைவாதம் அரசியலாகும்போது விளைவது யாது என்பதற்குத் தொலைவிற் சான்று தேட வேண்டியதில்லை. 2020 செப்ரெம்பரிலே மாடறுப்பைத் தடைசெய்யும் முன்மொழிவுக்கு இலங்கை அமைச்சரவை இணங்கியபோது, இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குதலும் அம்முடிவின் ஒரு பகுதியாக இருந்தது. கொலை நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத நாட்டுக்குப் பெயர்க்கப்பட்டது. பாதிப்பு, இத்தொழிலை நம்பிய முஸ்லிம் மக்களையே நோக்கியது. வள்ளுவரின் சந்தைக் குறள் இத்தகைய போலியறத்தையே உடைக்கின்றது.

ஓர் ஒழுக்கத்தில் நிலைத்து நிற்றலும் காரணத்தைப் பொறுத்ததே. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் விலக்கி, மறுநாளே மீன்சந்தைக்கு விரைவோரைக் குறைகூறுவதிற் பயனில்லை. அவர்தம் காரணம் நாளைச் சார்ந்தது. நாள் முடியக் காரணமும் முடிகின்றது. ஊராரின் கண்ணுக்கஞ்சிக் காத்த ஆசாரம், அக்கண்ணெட்டாத நாட்டிலே தளர்வதும் இயல்பே. உடல்நலம் ஒன்றையே கருதியவர் மருத்துவர் மாற்றிச் சொன்னால் மாறுவர். தன் காசு எங்கே சென்று எதனைச் செய்விக்கின்றது என்பதை அறிந்தவனுக்கு அவ்வறிவு வெள்ளிக்கிழமையோடு முடிவதில்லை.

காலநிலை நெருக்கடி இக்காரணத்துக்கு இன்னொரு பரிமாணத்தை அளித்துள்ளது. 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, உலகம் முழுத் தாவர உணவுக்கு மாறின் விவசாய நிலத்தேவை ஏறத்தாழ முக்காற்பங்கு குறையும் எனக் கணித்தது. நம் நாட்டின் பாற்றேவையோ நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாவைப் பெரிதும் சார்ந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளிலே அதற்காக மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை.

ஆயினும் இந்நெறியைப் பரிந்துரைப்போர் சில உண்மைகளை மறைத்தலாகாது. விற்றமின் பீ12 தாவர உணவிலே போதியளவு கிடையாது. அதனைக் குளிகையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெறுதல் வேண்டும். வறிய வீட்டிலே குழந்தைக்குக் கிடைக்கும் ஒரு முட்டையைப் பழித்தல் அறமாகாது. போருக்குப் பின் வன்னியிலே ஒரு பசுவின் வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்தும் பெண்களும், கடலையன்றி வேறறியாத கரையோர மக்களும் உளர். தெரிவு செய்யும் வசதியுடையோரிடமிருந்தே இம்மாற்றம் தொடங்குதல் வேண்டும். அவர்கட்கு இது பெருந்துறவுமன்று. குரக்கனும் உழுந்தும் பயறும் ஒடியலும் தேங்காய்ப்பாற் சொதியும் நம் அடுக்களைக்குப் புதியனவல்ல.

ஆகவே விலக்கப்படும் பொருளைக் கொண்டு ஓர் உணவு நெறியை முற்போக்கானதென்றோ பிற்போக்கானதென்றோ தீர்மானித்தல் இயலாது. தூய்மையைக் காரணமாகக் கொண்டவன், தான் எந்த வீட்டில் நீர் அருந்துவதில்லை என்பதைக் கணக்கெடுப்பான். நீதியைக் காரணமாகக் கொண்டவன் எந்த வீட்டுப் பேணியிலும் பாலில்லாத் தேநீரை வாங்கி அருந்துவான். மனிதனை விலக்காது கொலையை விலக்குவதே புலான்மறுத்தலென்பது ஏற்கப்படுமாயின், பால்மறுத்தல் அதன் மிகையன்று. அது விட்டுவைத்த மிச்சமேயாகும்.