இரண்டு பக்கமும் டேலி ஆகணுமா?

பி.காம். படித்த ஆசாமிகளுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்: பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆகணும். ஆகலைன்னா எங்கேயோ தப்பு. கணக்குக்கு இது சரி. ஒரு பெண்ணின் உடம்புக்கும் இதே விதியா? இப்படிக் கோபமாகக் கேட்கிற புத்தகம், ஆட்ரி லார்ட் எழுதிய 'தி கேன்சர் ஜர்னல்ஸ்'.

லார்ட், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர். 1978-ல், 44 வயதில், புற்றுநோய்க்காக அவருடைய வலது மார்பகத்தை அகற்றினார்கள். 1980-ல் இந்தப் புத்தகம் வந்தது. டைரிக் குறிப்பு பாதி, கட்டுரை பாதி. ஒல்லியான புத்தகம்தான், ஆனால் காரம் ஜாஸ்தி.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தன்னார்வப் பெண்மணி வந்து, பிராவுக்குள் வைத்துக்கொள்ளக் கம்பளிப் பொதி ஒன்றைத் தருகிறார். நல்ல மனசுதான். ஆனால் அதன் நிறம் வெள்ளைத்தோலுக்கு ஏற்ற இளஞ்சிவப்பு. கறுப்புப் பெண்ணுக்கும் அதேதான். சில நாள் கழித்து, நன்றாக உடுத்திக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகிறார் லார்ட். பொதி வைக்கவில்லை. 'இப்படி வந்தால் இந்த ஆபீஸின் உற்சாகமே கெட்டுவிடுமே' என்கிறார் நர்ஸ். லார்டுக்கு ஏறுகிறது பாருங்கள் கோபம்! இஸ்ரேல் மந்திரி மோஷே தயான் ஒற்றைக் கண்ணை மூடிய கறுப்புப் பட்டையோடு உலகம் சுற்றினாரே, கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் யாராவது கேட்டார்களா என்கிறார். செம கேள்வி.

இதை இப்போது ஏன் படிக்கணும்? கம்பளிப் பொதியோடு இப்போது கதை முடிவதில்லை. சிலிகான் இருக்கிறது. வயிற்றுச் சதையை எடுத்தே மார்பகம் செய்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மார்பகத்தை அகற்றப் பணம் தருகிற பெரும்பாலான இன்ஷூரன்ஸ் திட்டங்கள், சீரமைப்பின் எல்லாக் கட்டத்துக்கும் தரணும். இன்னொரு மார்பகத்தை இதற்கு ஜோடியாக மாற்றுகிற ஆபரேஷனுக்கும் தரணும். மிக நல்ல சட்டம். வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை உரிமையாக்கியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பெரிய ஆபரேஷன் முடிந்து மூச்சு விட்டதும், 'அடுத்தது என்ன?' என்ற கேள்வி வருகிறது. தோலை மடித்துக் காம்பு செய்யலாம். நாளாக ஆக அது தட்டையாகும், உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. பச்சை குத்திக்கொள்ளலாம். நிறம் மங்கினால் மறுபடி குத்தணும். தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சிப் பள்ளத்தை நிரப்பலாம். அதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், இன்னொரு தவணை தேவைப்படலாம். சிலிகானும் ஆயுசு முழுக்க உத்தரவாதம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நோயே இல்லாத மார்பகத்தில் கத்தி வைப்பது. எதற்கு? டேலி ஆவதற்கு.

இதையெல்லாம் செய்துகொள்கிறவர்கள் ஏமாளிகளா? இங்கேதான் லார்டோடு எனக்குச் சண்டை. தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, மறுபடி சாட்டையை எடுத்துவிடுகிறார். குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது தன் பழைய உடம்பு தெரியணும் என்று ஒருத்தி ஆசைப்பட்டால், அது ஊருக்குப் பயந்த ஆசையாகத்தான் இருக்கணுமா? ரவிக்கை ஒரு பக்கம் இழுக்கிறது, தழும்பு வலிக்கிறது. இதைச் சரிசெய்வது வேஷம் இல்லையே.

ஆனாலும் லார்ட் தோற்கவில்லை. ஆசைப்பட்டு எடுக்கிற முடிவு வேறு, வேறு வழி இருப்பதே தெரியாமல் எடுக்கிற முடிவு வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார் பாருங்கள், புத்தகத்தின் சாரமே அதுதான். அடுத்த ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இது எனக்கு எதைச் சரிசெய்யும்? அஞ்சு வருஷம் கழித்து எப்படி இருக்கும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில், 'ஒன்றும் ஆகாது' என்பதுதான். புற்றுநோயை அகற்றுவதில் இருந்த அவசரம் இதில் இல்லை. பச்சை குத்துவதை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டாலும் குடி முழுகாது. 'போதும், இத்தோடு நிறுத்திக்கறேன்' என்பதும் ஒரு முழு முடிவுதான்.

லார்ட் 1992-ல் இறந்துபோனார். புத்தகம் வந்து 40 வருஷம் கழித்து, 2020-ல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அகராதியில் ஒரு சொல் ஏறியது: மார்பைத் தட்டையாகவே அழகாகத் தைத்து முடிக்கும் ஆபரேஷனுக்கான பெயர். அந்த நர்ஸ் இப்போது எங்கே இருந்தாலும், அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.